எல்டொராடோ புரூம்: மூலம் எது?

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எளியதொரு செவ்ரோலே காரின் விலை 2,000 டாலர் அளவில் இருந்தது. அதே ஆண்டில், செவ்ரோலேயைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் கழகத்தின் மற்றொரு பிரிவாகிய காடிலாக், 13,074 டாலர் விலையில் ஒரு காரை வெளியிட்டது. எல்டொராடோ புரூம் என்பது அதன் பெயர். 1957இல் 400, அடுத்த ஆண்டில் 304, ஆக 704 வண்டிகளே உருவாயின. உடற்கட்டு பெரும்பாலும் கைவேலை. இத்துணை விலைக்கு விற்றும் கழகத்துக்கு நட்டமே மிஞ்சியது.

நட்டத்திற்கு ஒரு காரைச் செய்வானேன் என்று கேட்கலாம். பெருமைக்காகத்தான். போட்டியாளரான போர்டு கழகம் 1955 அக்டோபரில் கான்டினென்டல் மார்க் 2 என்னும் காரைப் பத்தாயிரம் டாலர் அளவில் கொண்டு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1955 சனவரியில், நியூயார்க்கில் நடந்த மோட்டோராமா கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் புரூமின் மாதிரியை மக்களுக்குக் காட்டிவிட்டது. வடிவமைப்புத் துறையை அப்போது ஆண்டுவந்தவர் ஹார்லி எர்ல். அமெரிக்கக் கார்களுக்கு நீளமும் தாழ்வும் பின்சிறகும் தந்தவர் அவர் என்றால் மிகையாகாது.

புரூமின் கூரை துருவேறா எஃகால் ஆனது. பின்கதவுகள் பின்புறம் கீல் கொண்டு, முன்கதவுகளுக்கு எதிராகத் திறப்பன. இடையில் தூண் இல்லை. ஓட்டுநர் விரும்பிய இருக்கை நிலையைத் தானே நினைவில் கொண்டு திரும்பும் மின் இருக்கையும், விசையால் திறந்து மூடும் பின்பெட்டியும் அந்நாளில் வியப்புக்குரியவை. கையுறைப் பெட்டிக்குள் காந்தத்தால் நிற்கும் சிறு குவளைகள் இருந்தன. பெண்டிர்க்கென உதட்டுச் சாயக் கூடும், கண்ணாடியும், சீப்பும், லான்வின் நிறுவனத்தின் ஆர்பேஜ் நறுமணத் தைலமும்கூட உடன் வந்தன. ஒரு காரை வாங்கியவர் ஓர் ஒப்பனை அறையையும் சேர்த்தே வாங்கினார் எனலாம்.

இக்கார்களைத் தேடிப் பிடித்துப் பழைய நிலைக்குக் கொணர்வது பின்னாளில் ஒரு தனிக்கலையாகவே வளர்ந்தது. கலை என்று சொன்னாலும், அதன் உள்ளே இருப்பது ஆராய்ச்சி. எது மூலம், எது பின்னர் வந்தது என்று பிரித்தறிவதே அதன் முதல் வேலை. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் பட்ட பாட்டை அறிந்த தமிழாசிரியர்களுக்கு இது புதிய வேலையாகத் தோன்றாது. பாட வேறுபாடும் இடைச்செருகலும் தகரத்திலும் தோலிலும் உண்டு.

காட்டாக, 1957ஆம் ஆண்டுப் புரூமின் கதவு உட்பலகையின் மேற்பகுதி உலோகப் பூச்சுடையது. 1958இல் அது தோலாயிற்று. சக்கர மூடியும் மாறிற்று. முன்னதன் எஞ்சின் இரண்டு கார்புரேட்டர்களுடன் 325 குதிரைத் திறன் தந்தது. பின்னது மூன்று கார்புரேட்டர்களுடன் 335. ஆனால் ஒரு வண்டி நொறுங்கினால் அதன் உறுப்புகள் இன்னொன்றுக்குப் போயின. செய்தவையே 704 என்னும்போது வேறு வழியும் இல்லை. ஆகவே 1958இன் சக்கர மூடியோடு நிற்கும் 1957ஆம் ஆண்டு வண்டியைக் கண்டு ஏமாறியோர் இருக்கக்கூடும்.

இதனால்தான் வாங்குவோர் பளபளப்பைக் கண்டு மயங்கலாகாது. வண்ணம் மங்கி, இருக்கை கிழிந்து, ஆனால் எல்லா உறுப்பும் தன்னிடத்தில் இருக்கும் வண்டியே, புதிதாய்ப் பூசிப் பாதி உறுப்பு தொலைந்த வண்டியைவிடச் சிறந்த தேர்வு. துருப்பிடித்த தகரத்தை நல்ல கொல்லர் வெட்டி ஒட்டிவிடுவார். எஞ்சினுக்கோ பெரிய இடரில்லை. காடிலாக்கின் பிற வண்டிகளில் ஓடிய எஞ்சினின் இனமே இதுவும். தொலைந்த காந்தக் குவளையை யார் தருவார்? இந்தக் காரில் மலிவாய்க் கிடைப்பது பெரிய உறுப்பு. அருமையாவது சிறிய உறுப்பு. கூரை எஃகில் விழுந்த பள்ளமும் எளிதன்று. வண்ணம் பூசி மறைக்க இயலாது. பள்ளத்தை எடுத்தபின் பழைய வரிகள் ஓடும் திசையிலேயே மீண்டும் தேய்க்க வேண்டும். திசை பிசகினால் வெயிலில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

1959, 1960ஆம் ஆண்டுகளின் புரூம் வேறு கதை. அவற்றின் உடற்கட்டை இத்தாலியின் டூரின் நகரில் பினின்பரீனா பட்டறை செய்தது. முறையே 99, 101 வண்டிகள். அவற்றை இங்கு விடுவோம்.

இனி, இக்காரின் உயிர்நிலையான சிக்கலுக்கு வருவோம். 1957ஆம் ஆண்டுப் புரூமில் எஃகுச் சுருள் வில் இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் ரப்பராலான காற்று வில்கள். மின்விசையால் இயங்கும் காற்றழுத்தி ஒரு கலத்தில் காற்றைச் சேர்த்து வைக்கும். ஆள் ஏறி வண்டி தாழ்ந்தால் மட்டம் பார்க்கும் வால்வு காற்றை உள்ளே விடும். இறங்கினால் வெளியே விடும். ஆகவே எத்தனை பேர் ஏறினாலும் வண்டி ஒரே உயரத்தில் மிதந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இம்முறையை முன்னரே தன் பேருந்துகளில் கையாண்டிருந்தது. பேருந்தைக் கண்காணிக்கப் பணிமனையும் நாள்தோறும் பார்க்கும் ஆளும் உண்டு. வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு அவை இல்லை. வால்விலும் இணைப்பிலும் காற்று கசிந்தது; இரவில் நிமிர்ந்து நின்ற கார் விடியலில் தரையோடு அமர்ந்திருந்தது. பதின்மூன்றாயிரம் டாலர் கொடுத்தவர் அதைக் கண்டு என்ன நினைத்திருப்பார்! 1958இல் கழகத்தின் பிற கார்களுக்கும் விரும்பியோர்க்கு இம்முறை தரப்பட்டது. ஆனால் நெடுநாள் நிலைக்கவில்லை. புரூமின் உரிமையாளர் பலர் காற்று வில்களைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரணச் சுருள் வில்களைப் பூட்டிக்கொண்டனர்.

இங்கேதான் மீட்போர் தடுமாறுகின்றனர். சுருள் வில் இடைச்செருகல்தான்; ஐயமில்லை. ஆனால் வண்டி தோன்றிய சில ஆண்டுகளிலேயே, அதை ஓட்டியவரே செய்த இடைச்செருகல். காரின் வாழ்வில் பெரும்பகுதி அந்த வில்லின்மேல்தான் ஓடியது. அதைக் களைவது மூலத்தை மீட்பதா, வரலாற்றின் ஒரு பக்கத்தைக் கிழிப்பதா?

இவ்வினாவுக்கு நெடுங்காலம் விடை எளிதாயிருந்தது. 1935இல் தோன்றிய அமெரிக்கத் தொன்மைக் கார்ச் சங்கம் முதலியவற்றின் போட்டிகளில், தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்ததுபோல் வண்டி நின்றால் மதிப்பெண் மிகுதி. அது நல்ல விதிதான். ஆனால் போட்டி முற்றவே, தொழிற்சாலையே கண்டிராத பளபளப்பை ஏற்றத் தொடங்கினர். லேக்கர் வண்ணம் பூசிய காருக்குக் கண்ணாடி போன்ற புதுப்பூச்சு. வெல்டிங் தழும்புகளெல்லாம் இழைத்து மழுக்கப்பட்டன. 1957இல் டெட்ராயிட்டில் வேலை செய்தவனின் கைத்தடம் அத்தழும்பில்தான் இருந்தது. அதை மீட்பு என்ற பெயரால் அழித்தார்கள்.

1980களின் பிற்பகுதியில் அச்சங்கமே, மீட்கப்படாது மூல உறுப்புகளுடன் எஞ்சிய வண்டிகளுக்கெனத் தனி வகுப்பு ஏற்படுத்தியது. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் டூரின் பட்டயத்தை ஏற்றது. பழங்கட்டடங்களுக்காக 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் பட்டயத்தின் வழியைப் பின்பற்றி, காருக்கும் முதற்கடமை பாதுகாத்தல், மீட்டல் அதற்குப் பின்னரே என்று அது வகுத்தது. பின்னர் நேர்ந்த மாற்றங்களையும் வரலாற்றின் பகுதியாக மதிக்கச் சொன்னது.

அவ்வழி நோக்கின், இருவகைப் புரூமுக்கும் இடமுண்டு. ஆனால் இரண்டின் நிலையும் ஒன்றன்று. சுருள் வில்லுக்கு மாறிய வண்டிகள் பல. காற்று வில்லோடு எஞ்சியவை சில. இன்று புதிய ரப்பரும் புதிய அடைப்பும் கொண்டு பழைய காற்று வில்லை இயங்கச் செய்யும் கைவினைஞர் உள்ளனர். எனவே காற்றழுத்தியும் கலமும் வால்வுகளும் இன்னும் கழற்றப்படாத வண்டி கையில் கிடைத்தவர் அவற்றைப் பழுதுபார்ப்பதே தக்கது. ஓட்டிப் பார்க்கும் வசதிக்காக அவற்றைக் களைவது பிழை. முன்னரே சுருள் வில் பூட்டப்பட்ட வண்டியை வாங்கியவரோ அதை அவ்வாறே வைத்திருக்கலாம். காற்று வில்லுக்குத் திரும்ப விரும்பினால், சட்டத்தில் புதிய துளையிடாது, கழற்றிய சுருள் வில்லை நாளெழுதிய சீட்டோடு வண்டியின் பின்பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும்.