விந்தணு உருவாக்கத்தில் கொழுப்பாக்க நொதிகள்

விந்தணுச் சவ்வுக்கான கொழுப்புகளை விரைகளில் ஆக்கித் தரும் நொதிகள். மனிதரில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். உருண்டைச் செல் தலையும் வாலுமாக நீளும்போது சவ்வு நெகிழ வேண்டும். அதற்கு டிஹெச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் தேவை.

உடல் இதைத் தயாரிக்கும் வழியில் டெல்டா-6 டீசாச்சுரேஸ் முக்கியமான கண்ணி. இந்த நொதி நீக்கப்பட்ட ஆண் எலிகள் மலடாயின. உணவில் டிஹெச்ஏ சேர்த்ததும் விந்தணு உற்பத்தி மீண்டது. இத்துறையின் மிகத் தெளிவான சோதனை இதுதான். கடலூர் துறைமுகத்தில் இறங்கும் மத்தி மீனிலும் டிஹெச்ஏ தாராளம். அதற்காக மீன் தின்றால் மலட்டுத்தன்மை தீரும் என்பது அவசர முடிவு. மேற்சொன்ன சோதனை நொதியே இல்லாத எலியின் கதை.

விரையின் கிளைக்கோலிப்பிடுகளில் (சர்க்கரை இணைந்த கொழுப்புகளில்) பெரும்பங்கு செமினோலிப்பிட். அதை ஆக்கும் செரிப்ரோசைடு சல்ஃபோட்ரான்ஸ்ஃபெரேஸ் என்னும் நொதி இல்லாத ஆண் எலிகளில் விந்தணு உருவாக்கம் குன்றல் பிரிவின் முதற்கட்டம் முடியுமுன்பே நின்றுவிடுகிறது. ஜப்பானின் கோய்ச்சி ஹோன்கே குழு 2002இல் இதைக் காட்டியது. பெண் எலிகளோ குட்டி ஈன்றன.

வழக்கமான விந்துப் பரிசோதனை எண்ணிக்கை, அசைவு, வடிவம் போன்றவற்றையே பார்க்கிறது, இந்நொதிகளை அளப்பதில்லை.