ஏழு இலக்கங்களின் கதை

ஒருவர் 4, 9, 2, 7, 1, 8, 5 என்று நொடிக்கு ஒன்றாகச் சொல்ல, நீங்கள் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பலரும் சொல்லிவிடுவார்கள். இன்னும் மூன்று இலக்கங்களைக் கூட்டினால் தடுமாறுவார்கள். இச்சோதனையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 1887-இல் வெளியிட்டவர் இலண்டனைச் சேர்ந்த ஜோசப் ஜேக்கப்ஸ். வயது ஏற ஏறத் திருப்பிச் சொல்லும் அளவும் ஏறுவதை அவர் கண்டார். பின்னர் இது அறிவுத்திறன் தேர்வுகளில் ஓர் அங்கமாகவே நுழைந்துவிட்டது. பேனாவும் தாளும்கூட வேண்டாத சோதனைதான். ஆனால், அது எதை அளக்கிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை.

1956-இல் அமெரிக்க உளவியலறிஞர் ஜார்ஜ் மில்லர், இந்த எல்லை ஏறத்தாழ ஏழு என்றும், எண்ணப்பட வேண்டியவை இலக்கங்கள் அல்ல, பொருளுள்ள கொத்துகளே என்றும் விளக்கினார். 1, 9, 4, 7 என்பவை நான்கு இலக்கங்கள். இந்திய விடுதலையை நினைப்பவருக்கோ அது ஒரே கொத்து.

இதற்கிடையே மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி வந்தது. கடுமையான வலிப்பு நோயால் துன்புற்ற ஓர் இளைஞருக்கு 1953-இல் அமெரிக்காவில் மூளையின் இரு பொட்டுப் பகுதிகளின் உட்புறத்தையும் வெட்டி நீக்கினர். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் அவரிடம் 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னார். மனத்துக்குள் கணக்குப் போட்டுப் போட்டுக் கால்மணி நேரம் அதைக் காத்தார் அவர். கவனம் திரும்பிய மறுகணமே எண் போயிற்று. எண் ஒன்று கொடுக்கப்பட்டதும் மறந்துபோயிற்று! ஆய்வேடுகளில் எச்.எம். என்றே குறிக்கப்பட்ட அவருடைய பெயர் ஹென்றி மொலைசன் என்பது 2008-இல் அவர் இறந்த பிறகே வெளியாயிற்று.

ஆக, குறுங்கால நினைவு வேறு, நெடுங்கால நினைவு வேறு. 1968-இல் அட்கின்சனும் ஷிஃப்ரினும் இதை ஒரு கோட்பாடாக்கினர். குறுங்கால நினைவு திண்ணை போன்றது. வருவோர் அதில் சற்று அமர்ந்த பிறகே வீட்டினுள் போக முடியும் என்பது அதன் சாரம். படிப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது.

மறு ஆண்டே அது ஆட்டம் கண்டது. மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்ட கே.எஃப். என்பவரை இலண்டனில் எலிசபெத் வாரிங்டனும் டிம் ஷாலிஸும் ஆராய்ந்தனர். காதால் கேட்ட இலக்கங்களில் ஒன்றிரண்டுக்கு மேல் அவரால் திருப்பிச் சொல்ல இயலவில்லை. ஆனாலும் புதியவற்றை மற்றவர்களைப் போலவே கற்றார். திண்ணை இடிந்து கிடக்க, விருந்தினர் எந்த வழியாக உள்ளே போனார்கள்?

இங்கிலாந்தில் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் இக்கேள்வியை வேறு விதமாகக் கேட்டனர். ஆறு இலக்கங்களை மனத்தில் சுமந்தபடியே தருக்கக் கணக்குகளைச் செய்யும்படி ஆட்களிடம் சொன்னார்கள். ஒரே திண்ணைதான் என்றால், அது நிறைந்ததும் சிந்தனை நின்றுபோக வேண்டும் அல்லவா? வேகம் குறைந்ததே தவிர, சிந்தனை நிற்கவில்லை. 1974-இல் அவர்கள் ‘செயல் நினைவு’ என்ற கருத்தை முன்வைத்தனர்: கேட்டதை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிக் காக்கும் ஒலிச்சுழல், கண்டதைக் காக்கும் காட்சிப் பலகை, இரண்டையும் மேற்பார்க்கும் நிர்வாகி. கே.எஃப்.பிடம் பழுதானது ஒலிச்சுழல் மட்டுமே. கண்ணால் பார்த்த இலக்கங்களை அவர் மேலாகவே நினைவில் வைத்தார். 2000-இல் பேட்லி நான்காவது உறுப்பு ஒன்றையும் சேர்த்தார்.

அடுத்து நடந்ததுதான் நம்மைப் போன்ற தாய்மொழி வாசகர்களுக்குச் சுவையானது. ஏறத்தாழ இரண்டு நொடிகளில் உச்சரிக்கக்கூடிய சொற்களே ஒலிச்சுழலில் தங்கும் என்று பேட்லி குழுவினர் 1975-இல் கண்டனர். வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் மொழி பேசும் பிள்ளைகள் இலக்கத் தேர்வில் அமெரிக்கப் பிள்ளைகளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்று வந்தனர். அறிவு மட்டு என்று முடிவு கட்டியிருக்கலாம். 1980-இல் எல்லிஸும் ஹென்னலியும் இருமொழியும் அறிந்தவர்களைச் சோதித்தனர். வெல்ஷில் எண்ணுப்பெயர்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. அதே ஆட்கள் ஆங்கிலத்தில் கூடுதலாகவும் வெல்ஷில் குறைவாகவும் நினைவில் வைத்தனர். வேறொரு சொல்லை முணுமுணுத்துக்கொண்டே இருக்கச் சொல்லி ஒலிச்சுழலை அடைத்ததும், இரு மொழிகளுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துபோயிற்று.