மூடுபனியிலும் மங்கிய ஒளியிலும் மிதிவண்டிப் பயணம்: ஓட்டுநர் கண்ணில் படுவது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் விடியும் முன்னர் மிதிவண்டியில் சாலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் உடற்பயிற்சிக்காக வருபவர்கள் அல்லர். பால் ஊற்றுபவர், நாளிதழ் போடுபவர், ஆலையின் முதல் ஷிஃப்டுக்குச் செல்லும் தொழிலாளி, கீரைக்கட்டுடன் சந்தைக்குச் செல்லும் விவசாயி, தனிவகுப்புக்குச் செல்லும் மாணவர் ஆகியோரே அந்நேரத்தில் மிகுதி. பனி விலகிய பின் புறப்படுமாறு இவர்களுக்கு அறிவுரை கூறுவதில் பயனில்லை. பனியிலேயே செல்லவேண்டியவர் எவ்வாறு பிறர் கண்ணுக்குப் புலப்படலாம் என்பதே இப்பக்கத்தின் நோக்கம்.

ஓட்டுநருக்கு ஏன் தெரிவதில்லை?

"சைக்கிள் இருந்ததே தெரியவில்லை" என்பது விபத்துச் சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி கேட்கும் சொற்கள். இவை எப்போதும் சாக்குப்போக்கு அல்ல. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குச் சுமார் ஒன்றரை விநாடி, அதாவது 25 மீட்டர், கழிந்துவிடும். பனி படிந்த ஈரச் சாலையில் வண்டி நிற்க மேலும் 35 மீட்டர் அளவு தேவைப்படும். ஆகமொத்தம் 60 மீட்டர். ஆனால் 'டிம்' வெளிச்சத்தில் அடர்நிற உடை அணிந்தவர் கண்ணுக்குப் புலப்படுவதோ ஏறத்தாழ 30 மீட்டர் தொலைவில்தான். ஓட்டுநர் நிதானமானவராக இருந்தாலும், பார்த்த பின் நிறுத்த இடம் இருப்பதில்லை.

மூடுபனி இதனை மேலும் கடினமாக்குகிறது. பார்வைத் தொலைவு 1000 மீட்டருக்குக் குறைந்தால் அதனை மூடுபனி என்கிறது வானிலையியல். காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை நாற்புறமும் சிதறடிக்கின்றன. 'பிரைட்' விளக்கைப் போட்டால் ஓட்டுநர் முன் வெண்சுவர் எழுந்ததுபோலாகும். சுற்றுப்புறம் தெளிவாகத் தெரியாததால் தம் வேகத்தையும் அவர் குறைவாகவே உணர்வார். போகியன்று அதிகாலையில் புகையும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

நிறத்தில் ஏமாற வேண்டாம்

மங்கிய ஒளியில் நம் விழித்திரையின் கூம்புச் செல்கள் ஓய்ந்து, கோல் செல்களே பெரும்பாலும் வேலை செய்கின்றன. கோல் செல்கள் சிவப்பொளியை ஏறக்குறைய உணர்வதில்லை. ஆகவே, பகலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, அரக்கு நிற ஸ்வெட்டர் விடியற்காலையில் கருப்பாகவே தோன்றும். வெள்ளைச் சட்டை இருளில் நல்லது. எனினும், விடிந்தபின் நீடிக்கும் பனியில் வெண்மைப் பின்னணியுடன் கலந்துவிடும். பச்சை கலந்த ஒளிரும் மஞ்சள் மேலங்கி விடிந்தபின் உள்ள பனிக்கும் மாலை மயங்கும் நேரத்திற்கும் ஏற்றது. அது சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரால் ஒளிர்வது. முழு இருளில் அந்த ஒளிர்வு இராது. எனவே, எதிரொளிப்புப் பட்டை தைத்த மேலங்கியாகப் பார்த்து வாங்கவும்.

விளக்கே முதன்மை

ரிஃப்ளெக்டர் இருக்கிறதே, விளக்கு எதற்கு என்று பலர் கருதுகின்றனர். எதிரொளிப்பானுக்குத் தன் ஒளி கிடையாது. வாகன விளக்கின் ஒளி பனியைக் கடந்து வந்து, மீண்டும் அதே பனியைக் கடந்து ஓட்டுநரிடம் திரும்ப வேண்டும். மிதிவண்டியின் சொந்த விளக்கொளிக்கு ஒரு முறை கடந்தால் போதும். தெளிந்த இரவில் எதிரொளிப்பான் நூறு மீட்டருக்கு அப்பாலும் மின்னும். அடர்பனியில் அதனை மட்டும் நம்புவதற்கில்லை.

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் தேவை. ஒன்றுதான் வாங்க இயலும் எனில், பின்விளக்கை முதலில் வாங்குங்கள் என்பது என் பரிந்துரை. நீங்கள் பார்க்காத திசையிலிருந்து வரும் வாகனத்திற்கு அதுவே அடையாளம். சிமிட்டும் விளக்கு கவனத்தை ஈர்க்கும். ஆனால் தொலைவைக் கணிக்கத் தொடர்ந்து எரியும் விளக்கே உதவுகிறது. பனியில் தொடர்ந்து எரியும்படி வைப்பதே நல்லது. பழைய டைனமோ விளக்குகள் வண்டி நின்றதும் அணைந்துவிடும். சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் நேரமே ஆபத்தானது என்பதால், அவ்வண்டிகளில் பேட்டரி விளக்கு ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தவும். விளக்கின் மேல் படியும் பனிநீரையும் சேற்றையும் அவ்வப்போது துடைக்கவும்.

எதிரொளிப்புப் பட்டையை எங்கு ஒட்டுவது என்பதும் முக்கியம். பெடலிலும் கணுக்காலிலும் உள்ள பட்டை மேலும் கீழும் அசைவதைக் கண்டதும், முன்னால் செல்வது மனிதர் என்று ஓட்டுநர் உடனே உணர்கிறார். அசையாத ஒற்றைப் புள்ளி அவ்வாறு உணர்த்துவதில்லை. ஆரக்கால்களில் பொருத்தும் எதிரொளிப்பான் குறுக்குச் சாலையிலிருந்து வருபவருக்கு உங்களைக் காட்டும்.

சுமையைக் கவனிக்கவும். கேரியரில் தொங்கும் பால்கேன், சாக்கு, புத்தகப்பை ஆகியவை பின்விளக்கை முழுவதுமாக மறைத்துவிடுகின்றன. சுமை ஏற்றிய பின் பத்தடி பின்னால் நின்று ஒரு முறை பாருங்கள். மறைந்தால், சுமையின் மேலேயே பட்டை ஒட்டவும். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியிலும் பெற்றோர் இதனைச் சரிபார்க்கலாம்.

நான்குவழிச் சாலையில் தொலைவான திருப்பத்தைத் தவிர்க்க எதிர்த்திசையில் செல்வதைக் கைவிட வேண்டும். அவ்வாறு செல்கையில் பின்விளக்கால் பயனில்லை. இரு வண்டிகளின் வேகமும் கூடுவதால், ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது.

உங்கள் கண்ணும் ஒரு காரணம்

எதிர்வரும் விளக்கொளியில் அதிகம் கூசுதல், விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிதல் ஆகியவை கண்புரையின் அறிகுறிகளாக இருக்கலாம். மாலைக்கண், கண்ணாடி அணியாத கிட்டப்பார்வை ஆகியவையும் அதிகாலையில்தான் வெளிப்படும். அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

விபத்து நேர்ந்தால் 108-ஐ அழைக்கவும். அடிபட்டவரை உட்காரவைக்கவோ, கழுத்தைத் திருப்பவோ, தண்ணீர் புகட்டவோ கூடாது. அவர் கிடக்கும் இடத்தைப் பின்வரும் வாகனங்களுக்கு விளக்கால் உணர்த்த ஒருவரை நிறுத்தவும். பனியில் இரண்டாவது மோதல் அரிதன்று. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், பட்டியலிடப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர உயிர்காக்கும் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். உதவிக்கு வருபவர் தம் பெயரைக் கூறவேண்டிய கட்டாயம் இல்லை.