நாற்பது வாட்

40 வாட் என்பது ஒரு குண்டு பல்பு எரிகிற மின்சாரம். அவ்வளவே சக்தியுள்ள டிரான்ஸ்மிட்டரோடுதான் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. கிளப்பை ஆரம்பித்தவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி. அரசு வானொலி வருவதற்கு முன்பே, ஆர்வலர்கள் சிலர் பாட்டையும் பேச்சையும் காற்றில் விட்டார்கள். பிறகு 200 வாட்டாக உயர்த்தினார்கள். 1927-ல் காசில்லை, மூடிவிட்டார்கள்.

மேல்விஷாரத்தில் வீட்டு ஜன்னலை மெத்தையால் அடைத்து, சினிமாவுக்கு வெளியே பாடுகிறவர்களை நான் பாட்காஸ்டுக்காகப் பதிவுசெய்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து பாடுகிறவருக்கு என்னால் கொடுக்க முடிவது டீயும் பஸ் காசும்தான். "இதுல உனக்கு இன்னா கெடைக்குது தம்பி?" என்று அவரே கேட்கிறார். ஆர்வம் இருந்தால் போதும் என்பவர்களிடம் நான் அந்த கிளப்பின் மூன்று வருஷக் கதையைத்தான் சொல்வேன்.

கிளப்பின் டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சிக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது, 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை. ரேடியோ பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் கேட்கட்டும் என்று மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தார்கள். வரிப்பணத்தில் பாட்டு! மணலில் உட்கார்ந்து சும்மாவே கேட்கலாம்.