வேலை செய்யாதவன் பெயரில் ஒரு வேலை

எவர்சில்வர் கைப்பிடி உடைந்தால் பட்டறையில் முதலில் கேட்பார்கள்: "சாதா வெல்டிங்கா, ஆர்கானா?" அங்கே ஆர்கான் என்பது ஒரு வேலைக்குப் பெயர். கிரேக்கத்திலோ அந்தச் சொல்லுக்கு 'வேலை செய்யாதது' என்று பொருள்!

'எர்கான்' என்றால் வேலை. முன்னால் நிற்கும் 'அ', நம் 'அநீதி'யில் வருவதைப் போல, இல்லை என்கிறது. எனர்ஜியும் இதே எர்கானின் வழிவந்த சொல்தான். சுறுசுறுப்பும் சோம்பலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

ரேலி பிரபு 1890களின் தொடக்கத்தில் நைட்ரஜனை நிறுத்துப் பார்த்தார். காற்றிலிருந்து எடுத்தது லிட்டருக்கு 1.257 கிராம், சேர்மங்களிலிருந்து எடுத்தது 1.2505 கிராம். வேறொருவராக இருந்தால் தராசைத் திட்டிவிட்டு நகர்ந்திருப்பார். ரேலி விடவில்லை. இந்த வித்தியாசத்தைத் துரத்திய வில்லியம் ராம்சே காற்று நைட்ரஜனைப் பழுக்கக் காய்ந்த மக்னீசியத்துக்குத் தின்னக் கொடுத்தார். மிஞ்சியது எதனுடனும் சேரவில்லை. 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த அறிவியலாளர் கூட்டத்தில் இருவரும் இந்தப் புதிய வாயுவை அறிவித்தபோது, தலைமை வகித்த மாடன் என்பவர் சூட்டிய பெயர்தான் ஆர்கான். அரிய பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். நாம் இழுக்கும் மூச்சில் 0.93 சதவீதம் ஆர்கான். கரியமில வாயுவைப் போல இருபது மடங்குக்கு மேல்.

ஆர்கானையும் அதன் இனத்து வாயுக்களையும் தமிழில் 'மந்த வாயு' என்றோம். வயிற்றுக் கோளாறுக்குக் கஷாயம் கேட்பதுபோல் ஒலிக்கிறது! 1898இல் எர்ட்மன் ஜெர்மனில் இந்தக் குடும்பத்துக்கு 'பிரபு வாயு' என்று பெயரிட்டார்; நம் பாடநூல்களிலும் பிறகு 'உயரிய வாயு' வந்தது. கீழோருடன் கலக்காததால் உயர்குடியாம். எனக்கென்னவோ பழைய சோம்பேறிப் பெயரே பிடித்திருக்கிறது. அதில் சாதிப் பெருமை இல்லை.

பட்டறைக்கு வருவோம். சாதா வெல்டிங்கில் ராடின் மேல்பூச்சு எரிந்து புகையும் கசடுமாகி உருகிய இரும்பைக் காக்கிறது. ஆர்கானில் டங்ஸ்டன் ஊசியைச் சுற்றி வாயு இறங்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் உருகிய குழியின்மேல் போர்வையாகப் படிந்து ஆக்சிஜனை அண்டவிடாது. உலோகத்தை ஒன்றும் செய்யாது. அதற்குத்தான் காசு. அந்தக் கனமே தொட்டி, குழிக்குள் வேலை செய்பவருக்கு எமன். மணமில்லை, நிறமில்லை, மூச்சு திணறுவதற்குள் மயக்கம் வந்துவிடும்.

பொறி அணைந்ததும் வெல்டர் டார்ச்சைச் சட்டென்று எடுக்கமாட்டார். தையல் சிவப்பு ஆறும்வரை, சில நொடி, வாயு மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருக்கும்.