போடித் தொகுதியின் வாக்கும் குடியரசுத் தலைவரின் கையொப்பமும்

1989 ஜனவரி 21 அன்று போடிநாயக்கனூர் வாக்காளர்கள் ஜெயலலிதாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர் எதிர்க்கட்சித் தலைவரானதால் அந்தத் தேர்தல் நினைவில் நிற்கிறது. அதற்கு முந்தைய ஓராண்டு இந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே இல்லை என்பதைத்தான் மறந்துவிட்டோம்.

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அமைந்த ஜானகி அம்மையாரின் அரசு, 1988 ஜனவரி 30 அன்று அரசியலமைப்பின் 356-ஆவது பிரிவின்படி கலைக்கப்பட்டது. மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் ஆர். வெங்கடராமன் ஒப்பமிட்டார். மலைக்கிராமத்துக்குப் பாதை கேட்டு மனு எழுதினால் வாங்கிக்கொள்ள அதிகாரி இருந்தார். மறுபடி ஓட்டுக் கேட்டு வரவேண்டியவர் எவரும் இல்லை.

மூன்றாண்டு வரை நீட்டிக்க இடமிருந்த குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு, 1978-இன் 44-ஆவது திருத்தம் ஓராண்டுக் கெடு வைத்தது. நெருக்கடிநிலைக் காலத்துக்கு மட்டும் விலக்கு. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கையில் வாக்குப்பதிவு நடந்தது. தை மாதம், ஏலத்தோட்டங்களில் காயெடுப்பு முற்றிலும் ஓய்ந்திராத காலம். தோட்ட வேலைக்குப் போடிமெட்டு ஏறினால் அன்றைய கூலி, ஓட்டுப் போட ஊரில் தங்கினால் கூலி இல்லை. வாக்குப்பதிவு நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை 1996-இல்தான் சட்டமானது. கூலியை விட்டுப் போட்ட ஓட்டு என்ன விலை பெறும் என்று டெல்லி யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை. இரண்டே ஆண்டில், 1991 ஜனவரி 30 அன்று, சபையில் பெரும்பான்மை இருந்தும், அந்தத் தேர்தலில் அமைந்த கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தால் சட்டம் ஒழுங்கு கெட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். அறிக்கை இல்லாமலே காரியம் முடிந்தது. ஆளுங்கட்சிக்கு வாக்களித்தவர், எதிர்க்கட்சியைத் தேர்ந்தெடுத்த போடிக்காரர், இருவரின் ஐந்தாண்டுத் தீர்ப்பும் ஒரே ஆணையில் செல்லாமல் போயிற்று.

அமைச்சரவையின் பரிந்துரையை ஒருமுறை திருப்பி அனுப்பும் அதிகாரத்தையும் அதே 44-ஆவது திருத்தம்தான் குடியரசுத் தலைவருக்குத் தந்தது. 1997-இல் உத்தரப்பிரதேசத்துக்கும் 1998-இல் பீகாருக்கும் கே.ஆர். நாராயணன் அதைப் பயன்படுத்தினார். இரண்டு ஆட்சிகளும் அப்போது தப்பின.

1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மையைச் சபையில்தான் சோதிக்க வேண்டும் என்றது. குடியரசுத் தலைவரின் ஆணைக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது, நிறுத்தி வைக்கலாம் என்றும் வரையறுத்தது. ஒப்புதலுக்கு இரண்டு மாத அவகாசம். குடிமக்களுக்கு வேலை இருப்பது அந்த இரண்டு மாதத்தில்தான். போடி அடங்கிய தேனித் தொகுதியின் மக்களவை உறுப்பினரும் அந்த ஒப்புதலுக்கு வாக்களிப்பார். நாங்கள் அனுப்பிய எம்.எல்.ஏ.வை வீட்டுக்கு அனுப்ப நீங்கள் கை தூக்குவீர்களா என்று, அவர் டெல்லிக்குப் புறப்படும் முன்பே போடி வாக்காளர் கேட்க வேண்டும்.