பங்களா விளக்கும் லயத்துக் குப்பி லாம்பும்

கனடாவில் வாழும் பால்ய நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் எனக்கு ஆறு புகைப்படங்களை அனுப்பியிருந்தார். ஆறிலும் இருந்தது ஒரே பழைய மண்ணெண்ணெய் விளக்கு. ஹட்டனுக்கு அருகே நாங்கள் இருவரும் பிறந்த தோட்டத்தில் அவருடைய பாட்டனார் துரை பங்களாவில் ‘அப்பு’வாக, அதாவது சமையற்காரராக, இருந்தவர். வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது அவருக்குக் கொடுத்துச் சென்ற விளக்கு அது. “இது அமெரிக்காவில் செய்ததுதானா? விசாரித்துச் சொல்” என்று எழுதியிருந்தார்.

ஆங்கிலேயத் துரையின் பங்களாவில் அமெரிக்க விளக்கா என்று முதலில் எனக்கும் ஐயம் எழுந்தது. எண்ணெயின் வரலாற்றைப் பார்த்தபின் அது தெளிந்தது. 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய பின்னர், மண்ணெண்ணெய் உலகச் சரக்காயிற்று. ஐந்து கலன் தகரங்கள் இரண்டை ஒரு மரப்பெட்டியில் அடைத்து ஆசியத் துறைமுகங்களுக்கு ஏற்றி அனுப்பினார்கள். எண்ணெய் சென்ற இடமெல்லாம் விளக்கும் சென்றது. 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டிருந்தார். மலையகத்தில் தேயிலை பரவிய அந்தப் பத்தாண்டுகள்தாம் அமெரிக்கக் கண்ணாடி விளக்குகளின் பொற்காலமும் ஆகும்.

பழைய விளக்கின் உண்மையை அறிவது, செய்தியின் உண்மையை அறிவது போன்றதே. ஒரு சாட்சியை மட்டும் நம்பலாகாது. நண்பர் நம்பியது திரியை ஏற்றி இறக்கும் திருகில் பொறித்திருந்த எழுத்துகளை. அதில் கனெக்டிகட் மாநிலத்தின் ‘பிளூம் அன்ட் ஆட்வுட்’ நிறுவனப் பெயரும், ஒரு காப்புரிமைத் தேதியும் இருந்தன. அந்தத் தேதியையே விளக்கின் பிறந்தநாள் என்று அவர் எண்ணிவிட்டார். காப்புரிமைத் தேதி ஒரு புத்தாக்கம் பதிவான நாளை மட்டுமே குறிக்கும். அதே தேதியைத் தாங்கிப் பல ஆண்டுகள் பொருள்கள் வெளிவரும். மேலும், திருகுத்தலை கழற்றி மாட்டக்கூடியது. அது பழையது என்பதால் கண்ணாடியும் பழையது ஆகிவிடாது.

கண்ணாடிக்கு வேறு சோதனைகள் உண்டு. 1864இல் வீலிங் நகரில் வில்லியம் லைட்டன் மலிவான சுண்ணாம்புக் கண்ணாடிக் கலவையை உருவாக்கும்வரை, தரமான அச்சுக் கண்ணாடியில் ஈயம் கலப்பது வழக்கம். ஈயக் கண்ணாடி கனமானது. விரலால் சுண்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்கும். கண்ணாடியின் பச்சைச் சாயலை நீக்க அக்காலத்தில் மங்கனீசு சேர்த்தார்கள்; புற ஊதா ஒளியில் அது மங்கிய பச்சையாய் ஒளிரும். முதலாம் உலகப் போரை ஒட்டி மங்கனீசின் இடத்தைச் செலனியம் பிடித்தது. ஆயினும் மங்கனீசு பிற நாட்டுக் கண்ணாடியிலும் உண்டு. ஆகவே இதுவும் துணைச்சான்று மட்டுமே. அடிப்பாகத்தின் தேய்மானமும் பேசும். மேசையில் பல ஆண்டுகள் இழுபட்ட விளக்கில் கீறல்கள் பல திசைகளில் ஓடும். உப்புத்தாள் தேய்த்துப் ‘பழமை’ ஆக்கியதில் அவை ஒரே சீராக இருக்கும்.

சேகரிப்பாளர்கள் வைத்த பெயர்கூடச் சில வேளை ஏமாற்றும். மேலும் கீழும் ஓவியம் தீட்டிய உருண்டைக் கண்ணாடிகள் கொண்ட விளக்குகளை ‘கான் வித் தி விண்ட்’ விளக்கு என்பார்கள். 1939இல் வந்த அத்திரைப்படத்தின் கதை 1860களில் நடக்கிறது. அவ்வகை விளக்குகளோ 1880களுக்குப் பின்னரே பரவின.

நண்பர் நான் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணம் பச்சையாய் ஒளிர்ந்தது, கீறல்களும் இயற்கையானவை. அடித்தண்டில்தான் சிக்கல். உடைந்த பாதத்துக்குப் பதிலாகக் கனத்த பித்தளைத் தகடு ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வெவ்வேறு பாகங்கள் இணைந்த இத்தகைய பொருளைச் சேகரிப்பாளர்கள் ‘கல்யாணம்’ செய்துவைத்தது என்று கேலி செய்வார்கள், விலையும் சரிந்துவிடும். ஆனால் தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையின் வேலை அது என்று பாட்டனார் சொல்லியிருந்தாராம். பெயர் தெரியாத ஒரு தமிழ்த் தொழிலாளியின் கைவேலை. எனக்கு அந்த விளக்கிலேயே பெறுமதி மிக்க பகுதி அந்தத் தகடுதான்.

இந்த விளக்கு எரிந்த பங்களாவுக்குக் கீழேதான் எங்கள் லயங்கள் இருந்தன. பத்தடிக் காம்பராவில் எரிந்தது, போத்தலின் மூடியில் துளையிட்டுத் துணித்திரி செருகிய குப்பி லாம்பு. அதன் அடியில் படித்துவிட்டுத் தூங்கி எழுந்தால் மூக்கெல்லாம் கரியாக இருக்கும். குப்பி கவிழ்ந்தால் எண்ணெயும் தீயும் ஒன்றாய்ப் பரவும். என் சின்னம்மாவின் இடது கையில் இறுதிவரை இருந்த தழும்பு அப்படி வந்ததே.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. 1912இலேயே நுவரெலியாவுக்கு அருகே பிளாக்பூலில் விமலசுரேந்திர சிறு நீர்மின் நிலையம் அமைத்தார். 1950இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. எங்கள் மலைகளின் நீர் கொழும்புக்கு வெளிச்சம் தந்தது. பல லயங்களோ அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் குப்பி லாம்பிலேயே கிடந்தன. அந்தக் குப்பிகள் கவிழ்ந்து வெந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலின் வடிவைப் பார்த்து, குட்டையாகவும் கனமாகவும் இருபுறம் தட்டையாகவும் திருகுமூடியுடன் ‘சுதீப’ என்ற பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. கவிழ்ந்தாலும் உருளாத, எண்ணெய் சிந்தாத விளக்கு என்பதே அதன் சிறப்பு.

அமெரிக்க விளக்குகளுக்கு விலைப்பட்டியல்கள் உண்டு, நூல்கள் உண்டு, போலியைக் கண்டறியும் முறைகள் உண்டு. குப்பி லாம்பை யாரும் போலி செய்ததில்லை. ஏனெனில் யாரும் அதை விலைக்குக் கேட்டதில்லை. மின்சாரம் வந்த அன்றே அதைக் குப்பையில் எறிந்தோம். எங்கள் வீட்டிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நண்பருக்கு இவ்வாறு எழுதினேன்: “கிண்ணம் அமெரிக்க விளக்குடையதாகவே தெரிகிறது; பாதம் நம் தோட்டத்தினுடையது. விற்காதே. உன் பேரப்பிள்ளைகள் கேட்கும்போது இரண்டு பாகத்தின் கதையையும் சொல். லயத்தில் எரிந்த விளக்கு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல். அதைக் காட்டப் பொருள் இல்லை. சொல்ல நாம் இருவரும் இன்னும் இருக்கிறோம்.”